நகையைப் பணயம் வைத்து வீட்டுக்கடனை முடிக்கலாமா?

குமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 38. தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 17,000 ரூபாய். கணவர் சவுதியில் ஏ.சி. மெக்கானிக், வீட்டுக்கு மாதம் 35,000 அனுப்புகிறார். ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள். மாமியார் கூடவே இருக்கிறார், அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் 60 சென்ட் ரப்பர். பால்வெட்டுகிறவருக்குப் பாதி போக வருடத்துக்கு 24,000 போல மிஞ்சும்.

2021-ல் வீடு கட்ட இருபதரை லட்சம் கடன் வாங்கினார்கள். 20 வருடக் கடன், மாறும் வட்டி, இப்போது 8.5 சதவீதம். மாதத் தவணை 17,725. "பத்து லட்சத்துக்கு மேல் கட்டியாச்சு. கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தால் இன்னும் 18 லட்சம் நிற்கிறது. அன்றைக்கு இராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை" என்கிறார். அவருடைய அப்பா ஒரு தென்னந்தோப்பை ஒற்றி வைத்ததும் அது கடைசிவரை மீளாததும் அவர் கண்ணால் கண்டது. அதனால் நான்கே வருடத்தில் இந்தக் கடனை முடித்துவிட வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறார். வைப்புத்தொகை 3 லட்சத்தை எடுப்பது, கூட்டுறவுச் சங்கத்தில் நகையை 9 சதவீத வட்டிக்குப் பணயம் வைத்து 5 லட்சம் வாங்குவது, இந்த 8 லட்சத்தையும் வீட்டுக்கடனில் கட்டுவது. அப்புறம் மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி, வீட்டுச் செலவைச் சுருக்கி, மாதாமாதம் 8,000 கூடுதலாகக் கட்டுவது. கணவரின் ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியவில்லை என்பதும், மாதக் கடைசியில் பலசரக்குக் கடைப் பற்று 14,000 வரை ஏறிவிட்டது என்பதும் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் முன்பக்கத்தில் கடனைப் பற்றியும் பின்பக்கத்தில் கடைப் பற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கவலை தந்தது அந்தப் பின்பக்கம்தான். 18 லட்சம் கடன் 15 வருடத்தில் தீரும்படி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. 14,000 பற்றோ ஒழுங்கில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டியது எது என்று அதுவே காட்டுகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

பத்து லட்சம் எங்கே போனது?

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. வட்டி, நிற்கிற பாக்கிக்குத்தான் போடப்படுகிறது. இந்த மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 12,750. நீங்கள் கட்டும் 17,725-ல் அது போக 4,975 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் வட்டி சிறிது குறையும், அசலுக்குச் சிறிது கூடும். தொடக்க வருடங்களில் வட்டிக்கே பெரும்பங்கு போவதும், பிற்பாடு அது தலைகீழாவதும் எல்லா நீண்டகாலக் கடனிலும் நடப்பதுதான். ஐந்து வருடத்தில் இரண்டரை லட்சம்தான் அசல் குறைந்தது என்பது வலிக்கிற உண்மை. ஆனால் கணக்கு சரியாகவே இருக்கிறது.

அப்பாவின் தோப்பையும் இந்த வீட்டையும் நீங்கள் ஒன்றாக வைத்துப் பார்க்கிறீர்கள் என்று எழுத்திலிருந்தே தெரிகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். தேங்காய் வெட்டை அவர் வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வார். பத்து வருடம் ஆனாலும் அசல் அப்படியே நிற்கும், மொத்தமாகப் பணம் திரட்டினால்தான் மீட்க முடியும். அந்த மொத்தப் பணம் உங்கள் அப்பாவுக்குச் சேரவே இல்லை. இங்கே வீடு உங்கள் கையில் இருக்கிறது, ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைகிறது. ஒன்றும் செய்யாமல் தவணையை மட்டும் கட்டினாலும் ஒருநாள் தானாகவே தீரும் கடன் இது. (அந்தப் பழைய ஒற்றிப் பத்திரம் எங்காவது பெட்டியில் கிடந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒற்றி வைத்த நிலத்தை மீட்கும் உரிமை அத்தனை எளிதில் போய்விடுவதில்லை.)

"ஒரு தவணை தவறினாலும் ஜப்தி" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அப்படி இல்லை. தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால்தான் கணக்கு வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படும். அதன் பிறகும் அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். அதற்காகத் தவணையைத் தவறவிடலாம் என்று சொல்லவில்லை. அபராதக் கட்டணம் ஏறும், கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் கெடும். ஆனால் நீங்கள் நினைத்துத் தூக்கம் கெடுகிற அளவுக்கு வீடு விளிம்பில் நிற்கவில்லை.

நான்கு வருடத் திட்டம்

நீங்கள் போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். 8 லட்சம் கட்டினால் 10 லட்சம் நிற்கும். அதற்கு மாதம் 25,725 கட்டினால் 46 மாதத்தில் முடியும். இதுவரை கணக்கு சரி.

ஆனால் நகைக்கடன் 5 லட்சம் அந்தக் கணக்கில் எங்கே? வீட்டுக்கடனிலிருந்து கழித்தீர்கள், வேறு எங்கும் சேர்க்கவில்லை. அது ஒரு வருடக் கடன். அடுத்த வருடம் இதே நாளில் 5,45,000 ரூபாயோடு சங்கத்தின் முன்னால் நிற்க வேண்டும். முடியாவிட்டால் 45,000 வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கணவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத அதே வருடம் அது.

வட்டி வித்தியாசம் பெரிதில்லை. 8.5-ஐ அடைக்க 9-ல் வாங்குகிறீர்கள், 5 லட்சத்துக்கு வருடம் 2,500 ரூபாய் நட்டம், அவ்வளவுதான். காலம்தான் ஆபத்து. 15 வருடம் அவகாசம் உள்ள ஒரு கடனை எடுத்து 12 மாதக் கடனாக மாற்றுகிறீர்கள். வீட்டுக்கடன் உங்களிடம் மாதம் 17,725-தான் கேட்கும். நகைக்கடன் ஒரே நாளில் ஐந்தரை லட்சம் கேட்கும், கிடைக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அந்த நகை உங்கள் மகளுக்கு என்று வைத்திருப்பதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தக் கடிதத்தில் நான் மிக உறுதியாகத் தடுக்கிற விஷயம் இதுதான்: கடன் வாங்கி முன்கூட்டிக் கடன் கட்டாதீர்கள்.

வைப்புத்தொகை 3 லட்சத்தைப் பற்றி. அதற்கு 6.5 சதவீதம் வட்டி வருகிறது, கடனுக்கு 8.5 போகிறது, அதனால் நட்டம் என்கிறீர்கள். உண்மைதான், வருடத்துக்கு 6,000, மாதம் 500 ரூபாய். ஆனால் வீட்டுக்கடனில் கட்டிய பணம் ஒருவழிப் பாதை. போன பிறகு மாமியாரை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தாலும், கணவர் பெட்டியோடு திரும்பி வந்தாலும், அந்த மூன்று லட்சத்தில் ஒரு ரூபாயைத் திரும்பக் கேட்க முடியாது. உங்கள் வீட்டின் மாதச் செலவு தவணையோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 50,000. ஆறு மாதம் தாங்குகிற பணம் அது. கணவருக்கு ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வரும்வரை அதைத் தொடாதீர்கள். ஒரே ரசீதாக இருந்தால், அடுத்த முதிர்வின்போது ஒரு லட்சம் வீதம் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டும் கெடாது.

மாதாமாதம் துண்டு விழுவது எங்கே?

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலை அப்படியே தருகிறேன். தவணை 17,725. சாப்பாட்டுச் செலவு 13,000. பள்ளிக் கட்டணமும் வேனும் 7,500. சிட்டி (சீட்டு) 3,000. மாமியாரின் மருந்து 2,500. கரண்ட், கேஸ், போன் 2,500. ஸ்கூட்டர் பெட்ரோல் 1,500. மருத்துவக் காப்பீடு மாதக் கணக்கில் 1,500. மொத்தம் 49,225. வரவு 52,000. மிச்சம் 2,775 இருக்க வேண்டும். "மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் பற்று ஏறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பட்டியலில் நீங்கள் எழுதாத செலவுகள்தான் காரணம். ஜூனில் நோட்டு, யூனிஃபார்ம், செருப்பு, குடை. கிறிஸ்துமஸ். கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, அடியந்திர விருந்து. ஓடு மாற்றுவது, மோட்டார் ரிப்பேர், ஸ்கூட்டர் சர்வீஸ். வீட்டு வரி. இவை மாதச் செலவு இல்லை என்பதால் யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் அங்கங்கே சொல்லியிருக்கிற தொகைகளைப் பொறுக்கிச் சேர்த்தேன். பள்ளி திறப்புக்கு 12,000, கிறிஸ்துமஸுக்கு 12,000, விசேஷங்களுக்கு 18,000, ரிப்பேருக்கு 9,000, வரிக்கு 3,000. வருடத்துக்கு 54,000, மாதத்துக்கு 4,500. அப்படியானால் உங்களுக்கு மாதம் 2,775 மிச்சமில்லை, 1,725 துண்டு விழுகிறது. ரப்பர் வருமானத்தை மாதத்துக்கு 2,000 என்று பரப்பினால் அந்தத் துண்டு அடைந்து 275 ரூபாய் நிற்கும்.

ரப்பர் அப்படி மாதாமாதம் பரவி வருவதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிப்ரவரியில் இலை உதிர்ந்தால் பால் இல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வெட்டு நிற்கும். அதே ஜூனில்தான் பள்ளி திறக்கிறது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தடை என்பதால் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் சாளை விலையும் ஏறிவிடும். வரவு நிற்பதும் செலவு கூடுவதும் மீன் விலை ஏறுவதும் ஒரே மாதத்தில். உங்கள் கடைப் பற்று எந்த மாதத்தில் தொடங்கியது என்று கடைக்காரரின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஜூனாக இருக்கும்.

இந்த நிலையில் மாதம் 8,000 கூடுதலாகக் கட்டுவேன் என்கிறீர்கள். அந்த எட்டாயிரம் எங்கிருந்து வரும்? காப்பீட்டை நிறுத்தினால் 1,500. மிச்சம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நான்கு வயிறு உள்ள வீட்டில் நீங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சப்படுத்துவது மூன்று மாதம் நடக்கும், நான்காவது மாதம் மீண்டும் பற்று நோட்டில் எழுதுவீர்கள். எவ்வளவு கூடுதலாகக் கட்டலாம் என்பதை நல்ல மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜூன் மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஜூனிலும் கைக்கு எட்டும் தொகை எதுவோ அதுவே உங்கள் அளவு.

காப்பீட்டை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மாமியாருக்கு ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தைக் கடந்து வந்திருப்பீர்கள். பாலிசி அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, இரண்டு வருடம் முன்கூட்டிக் கட்டியதை எல்லாம் விழுங்கிவிடும்.

குறைக்கிற இடம் ஒன்று எனக்குத் தெரிகிறது. மாமியாரின் மருந்து 2,500. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே கிடைக்காததை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள், அதே மூலக்கூறு மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும். மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, எதை எதற்குப் பதிலாக வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். இதில் மிஞ்சுவது கடைப் பற்றை அடைக்கப் போகட்டும்.

சரி, எப்படிக் கட்டலாம்?

கடனைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் தடுக்கவில்லை. அது நல்ல ஆசை, கணக்கும் உங்கள் பக்கம் இருக்கிறது. வேகத்தை மட்டும் குறைக்கச் சொல்கிறேன்.

உங்கள் சிட்டியில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. இப்போதே தள்ளி எடுத்தால் 9,000 கழிவு போக 51,000 கிடைக்கும், அதைக் கடனில் கட்டலாமா என்று கேட்டீர்கள். 51,000-ஐ ஏழு மாதம் முன்னதாகக் கட்டினால் மிச்சமாகும் வட்டி சுமார் 2,500 ரூபாய். அதற்காக 9,000 இழக்க வேண்டாம், கடைசிவரை பொறுங்கள். 60,000 வந்ததும் முதலில் கடைப் பற்று 14,000-ஐ முழுதாக அடைத்துவிடுங்கள். மிச்சம் 46,000-ஐத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு, ஜூன், கிறிஸ்துமஸ், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து மட்டும் எடுங்கள். ரப்பர் பணம் முழுவதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு வாருங்கள். அதை வீட்டுச் செலவில் கலக்கவே கூடாது.

சிட்டி முடிந்த மாதத்திலிருந்து அந்த 3,000 விடுபடுகிறது. அதுவே உங்கள் கூடுதல் தொகை. ஏற்கனவே அந்தப் பணம் இல்லாமல் வீட்டை நடத்திப் பழகியிருக்கிறீர்கள். 17,725-க்குப் பதில் 20,725 கட்டினால் 180 தவணை 135 ஆகக் குறையும். மூன்றே முக்கால் வருடம் மிச்சம், வட்டியில் ஏறத்தாழ 3.85 லட்சம் மிச்சம். ஏழு மாதம் கழித்துத் தொடங்குவதால் இதில் சிறிது குறையும். கணவருக்கு ஒப்பந்தம் கிடைத்துவிட்டால், வைப்புத்தொகையில் ஒரு லட்சத்தை மட்டும் எடுத்து அசலில் கட்டலாம். இன்றைய பாக்கிக்கு அந்த ஒரு லட்சம் தனியாகவே 19 தவணையைக் குறைக்கும், வட்டி 2.3 லட்சம் போல மிச்சமாகும்.

கட்டும்போது கிளையில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதில்தான் பலருக்கும் பணம் வீணாகிறது.

அசலில் வரவு: கூடுதலாகக் கட்டும் தொகை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாகப் போய்விடக் கூடாது, அசலில் கழிய வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கணக்குத் தாளை எடுத்துப் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாகக் கட்டிவிட்டோம் என்று அடுத்த தவணையை விட்டுவிடவும் முடியாது, அது வழக்கம்போல வரும்.

காலம் குறைய வேண்டும்: தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்பார்கள். தவணையைக் குறைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதம் 985 ரூபாய் குறையும், மொத்த மிச்சம் 77,000-தான். காலத்தைக் குறைத்தால் முன்பு சொன்ன 2.3 லட்சம். கணவரின் வருமானம் நின்றுபோகும் நிலை வந்தால் மட்டும் தவணையைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

புதிய அட்டவணை: எத்தனை தவணை பாக்கி, கடைசித் தவணை எந்த மாதம் என்று திருத்திய அட்டவணை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்று காலாண்டுதோறும் கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

உங்களிடம் சொல்லப்பட்ட வேறு சில

முன்கூட்டிக் கட்டினால் 2 சதவீதம் அபராதம் என்று ஏஜென்ட் சொன்னது உங்கள் கடனுக்குப் பொருந்தாது. தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை முழுதாகவோ பகுதியாகவோ முன்கூட்டி அடைக்க வங்கி கட்டணம் கேட்கக் கூடாது. 2012-லிருந்தே இருக்கும் விதி இது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

வரிச் சலுகை போய்விடும், அதனால் கடனை இழுத்து வைத்துக்கொள் என்று அண்ணன் சொன்னாராம். அவர் அரசு ஆசிரியர், பழைய வரி முறையில் இருந்தால் அவருக்கு அது பொருந்தலாம். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 2,04,000. வரியே கிடையாது. கணவர் சவுதியில் சம்பாதிப்பதற்கு இங்கே வரி இல்லை. வரி கட்டாதவருக்கு வரிச் சலுகை என்று ஒன்றும் இல்லை. அண்ணனின் அக்கறை புரிகிறது, ஆனால் அந்தக் காரணத்துக்காக நீங்கள் கடனை வைத்திருக்க வேண்டியதில்லை.

ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, குறைந்தும் தவணை குறையவில்லை என்ற கேள்வி மிக முக்கியமானது. 2025 பிப்ரவரிக்கு முன் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ அந்த டிசம்பரில் 5.25-க்கு இறங்கியது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைக்கப்பட்டிருந்தால் வட்டி குறைந்திருக்க வேண்டும். தவணை மாறாமல் காலம் மட்டும் குறைந்திருக்கலாம், அதைக் கணக்குத் தாளில்தான் பார்க்க முடியும். கிளைக்குப் போய், என் கடன் எந்த அடிப்படை விகிதத்தோடு இணைந்திருக்கிறது, அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கிறீர்கள், அதைக் குறைக்க முடியுமா என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். 8.5 என்பது 7.75 ஆனால், அதே 17,725 கட்டிக்கொண்டே 14 தவணை குறையும். கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். முன்கூட்டிக் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது போய் வாருங்கள். அவர்கள் குறைக்க மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றலாம். ஆனால் செயலாக்கக் கட்டணம், சட்டக் கருத்து, புதிதாக எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதியும் செலவு எல்லாம் உண்டு. அவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வீட்டின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே மனிதரின் உழைப்பிலிருந்து வருகிறது. அவருக்கு டேர்ம் பாலிசி, அதாவது காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. கடன் வாங்கும்போது வங்கியில் ஏதாவது கடன் காப்பீடு எடுக்கச் சொல்லியிருப்பார்கள், அந்தத் தாளைத் தேடி எடுத்து எவ்வளவுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். இல்லையென்றால், கடன் பாக்கிக்குக் குறையாத ஒரு டேர்ம் பாலிசியை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் 3,000 கூடுதலாகக் கட்டத் தொடங்குங்கள். பிரீமியம் போக 3,000 என்பது 2,000 ஆனாலும் பரவாயில்லை. இதைப் போனில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல், அவர் லீவில் வரும்போது கணக்குத் தாளையும் இந்தச் செலவுப் பட்டியலையும் எடுத்து வைத்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இருவர் பேரிலும் உள்ள கடன் இது.

கடைசித் தவணைக்குப் பிறகு

அது தள்ளி இருக்கிற நாள்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். கடன் முழுதாகத் தீர்ந்தால் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் பக்கத்திலிருந்து என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியாது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. பதிந்திருப்பார்கள், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிந்து அதை நீக்க வேண்டும். அதன் பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது முடிக்க நேர்ந்தால், அவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். முடிந்தவரை கடைசித் தொகையை அவர் லீவில் ஊரில் இருக்கும் மாதத்தில் கட்டுங்கள், இந்த அலைச்சல் இருக்காது.